நரி ஒழிப்பு உபகுழு

மர்சூக் முப்பத்தொரு வருடம் தபால் திணைக்களத்தில் இருந்து, கடைசியில் ஒரு சின்னக் கந்தோருக்குத் தபாலதிபராகி ஓய்வு பெற்றவர். உக்குவளை டவுனிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் கடைசிக்கு முந்திய வீடு அவருடையது. வீட்டையும் வளவையும் அவரையும் பார்த்துக்கொள்வது மனைவி றாபியா. வளவில் மிளகுக்கொடிகள், இரண்டு கராம்பு மரம், ஒரு பலா. பலாவுக்கு அடியில் றாபியாவின் கோழிக்கூடு. வேலிக்கு அப்பால் ஒரு பழைய கொக்கோத் தோட்டம் இருந்தது. அதன் சொந்தக்காரர்கள் எங்கோ கொழும்பில் இருந்ததால், அங்கே வளர வேண்டியதெல்லாம் யாருடைய தொந்தரவும் இல்லாமல் செழிப்பாக வளர்ந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் றாபியா கூட்டைத் திறந்தபோது பத்தொன்பது கோழிகளில் பதினாறுதான் இருந்தன. மற்ற மூன்றுக்கும் பதிலாகக் கொஞ்சம் இறகும், கூட்டின் பின்பக்கம் ஒரு பள்ளமும் இருந்தன.

மர்சூக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பள்ளத்தை ஒரு தரம் சுற்றி நடந்தார்.

"நாய்," என்றார்.

"நாய் வந்தா ஒழுங்கைக்கே கேக்குமே. ஒரு சத்தமும் இல்லாம மூணு கோழியத் தூக்கிட்டுப் போகுமா?"

"நாய்தான் றாபியா. என்ட சேவைக் காலத்துல எத்தன நாய்க்கடி ரிப்போட் மேல அனுப்பீக்கேன், தெரியுமா?"

அந்த அறிக்கைகளில் ஒன்றில்கூட அவரை எந்த நாயும் கடித்திருக்கவில்லை. கடி வாங்கியவர்களெல்லாம் கடிதம் கொண்டுபோகிறவர்கள். ஆனாலும் அனுபவம் அனுபவம்தானே என்று றாபியா பள்ளத்தைக் கல் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் பின்கதவைத் திறந்தவள், அந்த நாயைக் கண்டாள். மிளகுக்கொடிகளுக்கு நடுவே நின்றது. மெலிந்த உடம்பு, மண்நிறம், பஞ்சுபோல வால், இடது காது கிழிந்திருந்தது. வாயில் ஒரு வெள்ளைப் பேட்டுக்கோழி. றாபியாவைப் பார்த்து அது ஓடவில்லை. யாரோ வேண்டாதவர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேலியின் ஓட்டையால் நிதானமாகப் போனது.

"நரி!" என்று அவள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மர்சூக் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, நரி போய் ஐந்து நிமிடத்தின் பின் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். அன்று மதியமே ஒரு கடிதம் எழுதினார். உலகத்தில் எந்தப் பிரச்சினையும் உரிய இடத்துக்கு, உரிய பிரதிகளுடன் எழுதினால் தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு கிழமையில் சம்பந்தப்பட்ட கந்தோரிலிருந்து ஒரு படிவம் வந்தது. மிருகத்தின் உயரம், நிறம், எண்ணிக்கை, வழக்கமாகத் தங்குமிடம் ஆகியவற்றை மூன்று பிரதிகளில் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தது. அவர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து நிரப்பினார். இதற்கிடையில் கோழிகள் பதின்மூன்றாகியிருந்தன.

பக்கத்து வீட்டில் இராசலிங்கம் இருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியராக இருந்தவர். ஊர் சாவகச்சேரி. மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, இந்தக் குளிருக்கும் தண்ணீருக்கும் மயங்கி இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். நாற்பது வருடமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. அவர் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கைத்தொலைபேசியில் எதையாவது வாசித்துக்கொண்டே இருப்பார், வாசித்ததை ஒரு மணி நேரத்துக்குள் யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தங்கச்சி, நரியை ஒண்டும் செய்யக்கூடாது," என்றார். "அதைத் துன்புறுத்தாமல் துரத்திறதுக்கு எத்தினையோ வழி இருக்கு. நான் முழுக்க வாசிச்சுப்போட்டன். முதல்ல ரேடியோ."

"ரேடியோவா, சேர்?"

"ஓம். மனிசக் குரல் கேட்டால் அது கிட்ட வராது."

அப்படியாகக் கூட்டுக்குள் ஒரு ரேடியோ வைக்கப்பட்டது. அதில் அடிக்கடி அரசியல் விவாதம் நடந்தது. முதல் இரண்டு நாள் நரி வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஒரு சேவலைக் கொண்டுபோனது, கத்துகிற ரேடியோவுக்குப் பக்கத்திலிருந்தே. நரிக்குப் பழகிவிட்டது. கோழிகளுக்குத்தான் பழகவில்லை. நாட்டு நடப்பை இருபத்துநான்கு மணி நேரமும் கேட்ட அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

அடுத்ததாக இராசலிங்கம், வெசாக்குக்கு வாங்கி வைத்திருந்த மின்னுகிற விளக்குச் சரங்களைக் கொண்டுவந்து கூட்டைச் சுற்றிக் கட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்தன. ஒழுங்கையால் போனவர்கள் நின்று, யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்கள். நரி என்ன நினைத்ததோ தெரியாது, விளக்கு வெளிச்சத்தில் கூட்டின் பலவீனமான பலகை எது என்பதை மட்டும் நன்றாகக் கண்டுபிடித்திருந்தது. பிறகு மிளகாய்த்தூள். அதைத் தூவும்போது காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அவர் வாசித்த இடத்தில் எழுதியிருக்கவில்லை. மர்சூக் மூன்று நாள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"சேர், இந்த நரியத் துன்புறுத்தாத வழியெல்லாம் எங்களுக்கு நல்லா வேல செய்யுது," என்றாள் றாபியா.

இராசலிங்கம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மேலும் வாசிக்கப் போனார்.

நரிக் கதை ஒழுங்கை முழுவதும் பரவி, நலன்புரிச் சங்கத்தின் காதுக்கும் எட்டியது. அந்த ஒழுங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் பொதுவான சங்கம் அது. மையித்து, மரணவீடு என்றால் கூடாரமும் கதிரையும் கொடுக்கும். அதன் தலைவர் ஜவாஹிர் ஹாஜியார். டவுனில் கோழிக்கடை வைத்திருந்தார். நல்ல குரல், நல்ல உடம்பு, எந்த விஷயத்திலும் முதலாவதாக முடிவு சொல்லி, அதற்குப் பிறகு விஷயத்தைக் கேட்கும் சுபாவம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கத்தின் விசேஷ கூட்டம் பாடசாலை மண்டபத்தில் கூடியது. ஹாஜியார் எழுந்தார்.

"நம்மட தங்கச்சி ஒருத்தங்கட கோழிய நரி தின்னுது. இன்டைக்குக் கோழி. நாளைக்கு ஆடு. நாளாண்டைக்குப் புள்ள குட்டி. நாம கையக் கட்டிக்கிட்டு இரிக்கிறதா?"

இல்லை என்றார்கள் எல்லாரும். உடனே 'நரி ஒழிப்பு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர், ஹாஜியாரே. இராசலிங்கம் எழுந்து ஜீவகாருண்யம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவரை அடக்குவதற்காக உபகுழுவின் ஆலோசகராக நியமித்தார்கள். கோழிகளின் சொந்தக்காரியை எதற்கும் நியமிக்கவில்லை. அவள் முறைப்பாட்டுக்காரி என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டது.

"ஹக்கபட்டஸ் வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். ஹக்கபட்டஸ் என்பது காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடி. தீனுக்குள் ஒளித்து வைப்பார்கள், கடித்ததும் வாயிலேயே வெடிக்கும். வைப்பதே சட்டவிரோதம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

றாபியா எழுந்தாள். "வெடி வாணாம். அந்தத் தோட்டத்துக்குள்ளதான் நம்மட புள்ளைகள் பந்து பொறுக்கப் போற. என்ட கோழிக்காக யாரும் வெடி வெக்க வாணாம்."

"மெய்தான்," என்று ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் உடனே ஒத்துக்கொண்டார். "வெடி சரிவராது. தல சிதறிப் போகும். சுருக்கு வெப்போம்."

நரியின் தலைமீது அவர் ஏன் அத்தனை கரிசனையாக இருந்தார் என்பது கூட்டத்தில் பலருக்கும் தெரிந்த இரகசியம். கடைச் சுவர் சம்பந்தமாக ஹாஜியாருக்கும் அவருடைய மச்சானுக்கும் மாத்தளைக் கோட்டில் பதினொரு வருடமாக வழக்கு. மூன்று அப்புக்காத்துமார் மாறியும் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. நரிக்கொம்பு கையில் இருக்கிறவன் வழக்கில் தோற்கமாட்டான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நரிக்குக் கொம்பே கிடையாதே என்று கேட்டால், ஆயிரத்தில் ஒரு நரிக்கு மண்டையில் மயிருக்குள் மறைந்திருக்கும் என்பார். சட்டப் புத்தகத்தில் நம்பிக்கை இழந்தவருக்கு நரியின் மண்டையில் நம்பிக்கை வந்ததில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"சுருக்கும் வாணாம் ஹாஜியார்," என்றாள் றாபியா. "கூட்ட நான் ஒழுங்காக் கட்டுறேன். அது போதும்."

"கூட்டக் கட்டினா நரி மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருமா, தங்கச்சி?"

மண்டபம் சிரித்தது. மர்சூக்கும் கொஞ்சம் சிரித்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தீர்மானம் ஏதும் எழுதாமலேயே கூட்டம் தேநீருடன் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து இராசலிங்கம் மர்சூக்கை மட்டும் தனியாக வேலியோரம் கூப்பிட்டார். இந்த முறை குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"போஸ்ட்மாஸ்டர், இன்னொரு வழி இருக்கு. ஆனால் தங்கச்சிக்கு முன்னால சொல்ல ஏலாது. ஆம்பிளையின்ர ஒண்டுக்கு... விளங்குதோ? எல்லை நெடுகத் தெளிக்கவேணும். அந்த மணத்துக்கு நரி கிட்ட வராதாம்."

"யாருடையது?"

"வீட்டுக்காரரின்ரதான். வேற ஆரைக் கேக்கிறது?"

மர்சூக் ஒரு நாள் முழுக்க யோசித்தார். திணைக்களத்தில் இத்தனை வருடம் இருந்த ஒரு மனிதனுக்கு இப்படியொரு கடமை வரும் என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் மனைவியின் கோழி பத்தாகிவிட்டது, மண்டபத்தில் சிரித்தது வேறு மனதை அறுத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை மாலை, மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கையில், ஒரு பழைய வாளியையும் துணிவையும் எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனார்.

தெளித்துக்கொண்டே மேற்கு மூலைக்கு வந்தபோது, கொக்கோத் தோட்டத்தின் அந்தப் பக்கத்துப் பாதையில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. மர்சூக் மானத்துக்குப் பயந்து வாளியோடு ஒரு கராம்பு மரத்தின் பின்னால் பதுங்கினார். வண்டியிலிருந்து ஒருவன் இறங்கி, இரண்டு பெரிய சொப்பிங் பேக்குகளைச் சுழற்றித் தோட்டத்துக்குள் எறிந்தான். கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஏறிப் போனான். அது ஜவாஹிர் ஹாஜியாரின் கடை வண்டி. எறிந்தவன் கடையில் கோழி வெட்டுகிறவன்.

மர்சூக் வாளியை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"றாபியா, நான் ஒன்டு கண்டேன். ஆனா நீ யாருக்கும் சொல்லக்கூடாது."

சொன்னார். றாபியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"அவரு தலைவர். நாளைக்கு நமக்கு ஒரு மௌத்து விழுந்தா கூடாரம் வேணுமே."

"மௌத்தாப் போறவங்களுக்குக் கூடாரம் எதுக்கு?" என்றாள் அவள். மறுநாள் காலை அவர் எழும்புவதற்கு முன்பே வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனாள்.

முதலில் மணம்தான் வந்தது. பிறகு ஈக்கள். கொக்கோ மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் மாதக்கணக்கான பேக்குகள் குவிந்து கிடந்தன. கோழித்தலை, குடல், கால், இறகு. உடும்பு மாதிரியான ஒரு பெரிய கபரகொய்யா அவளைப் பார்த்தும் தின்பதை நிறுத்தவில்லை. காகங்கள் மரம் மரமாக உட்கார்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி, பழைய மதகின் வாயில், மூன்று நரிக்குட்டிகள் ஒரு கோழிக்காலை ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று தோற்றுக் குப்புற விழுந்தது. றாபியாவுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது.

மழையிலும் வெயிலிலும் ஒரு நாள் தவறாமல் இரண்டு பேக் விருந்து வைத்தால், நரி என்ன, யாருமே அந்தப் பக்கம் குடிவந்துவிடுவார்கள். பக்கத்தில் பலகை உக்கின கூட்டில் பத்தொன்பது கோழி இருந்தால் அதையும் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். நரியின் பக்கத்தில் றாபியாவுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் முதலில் கூட்டைக் கவனித்தாள். இராசலிங்கம் ஓடிவந்து, அணைக்கட்டுக்குப் போடுவதுபோல ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். இந்த முறை அவர் வாசித்ததோடு தன் தொழிலும் சேர்ந்ததால் விஷயம் சரியாக இருந்தது. கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக வளைத்து மூடினார்கள். தோண்டுகிற நரிக்கு எங்கே தோண்டினாலும் வலைதான் தட்டுப்படும். உக்கின பலகைகளை மாற்றி, கதவுக்கு இரட்டைக் கொளுக்கி போட்டார்கள். சிந்திய தீனைக் கூட்டி அள்ளினார்கள். மர்சூக் கிடங்கு வெட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ரேடியோ வீட்டுக்குள் போனது. கோழிகள் மூன்றாம் நாள் முட்டையிட்டன.

அடுத்த கிழமை, சனிக்கிழமை காலை ஏழு மணியிருக்கும். தோட்டப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. குரைப்புமில்லை, ஊளையுமில்லை, பிள்ளை அழுவது போலவும் இல்லை. றாபியா கையிலிருந்த தேங்காய்த் துருவலை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

அந்தச் சரிவில், பேக்குகளுக்குப் பக்கத்தில், நரி ஒரு சுருக்கில் மாட்டியிருந்தது. கிழிந்த காது. முன்னங்காலில் கம்பி இறுகி, சதைக்குள் புதைந்திருந்தது. கம்பியின் மறுமுனை ஒரு கொக்கோ மரத்தில். மரத்தின் பட்டையை அது கடித்துக் கடித்து உரித்திருந்தது. றாபியாவைக் கண்டதும் எம்பி விழுந்தது. மதகுக்குள்ளிருந்து குட்டிகளின் சின்னச் சத்தம் கேட்டது.

அவளுடைய ஒன்பது கோழியைத் தின்ற நரி. அவள் ஒரு கல்லை எடுத்துப் போட்டிருந்தாலும் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். றாபியா அங்கேயே நின்று அழுதாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இராசலிங்கம், தொலைபேசியில் வனவிலங்கு அதிகாரி ஒருவரைப் பிடித்தார். சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். அதிகாரி நல்ல மனிதர். கிட்டப் போகவேண்டாம், கடித்தால் விசர்நாய்க்கடி ஊசி போடவேண்டி வரும், நாங்களே வருகிறோம் என்றார். ஆனால் ஜீப் லக்கலையில் யானைக்குப் பின்னால் போயிருந்தது. யானை வயலைவிட்டு இறங்கினால் மத்தியானத்துக்குள் வரலாம். யானை எப்போது இறங்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மத்தியானம் வரைக்கும் இருந்தா கால் அறுந்துரும் சேர்," என்றாள் றாபியா. "என்ன செய்யணும்டு அவருகிட்டயே கேளுங்க."

அதிகாரி தயங்கினார். பிறகு, வேறு வழியே இல்லையென்றால் தலையைச் சாக்கால் மூடுங்கள், இருட்டானால் அடங்கிவிடும், தூரத்திலிருந்து நீளக் குறட்டால் கம்பியை வெட்டுங்கள், வெட்டியதும் பின்னால் போய்விடுங்கள் என்றார்.

வேலிக்கு இப்பால் நின்று எல்லாம் கேட்ட மர்சூக், இரண்டு சாக்கும் ஒரு நீளக் குறடுமாக வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. சப்பாத்துப் போட்டு, கந்தோருக்குப் போட்ட பழைய மழைக்கோட்டையும் மாட்டியிருந்தார்.

"நீங்க தள்ளுங்க," என்றாள் றாபியா.

"நீ தள்ளு. நீ குறட்டப் பிடி."

அவர் முதல் எறிந்த சாக்கு இராசலிங்கத்தின் காலில் விழுந்தது. இத்தனை நாளாக நரியின் உரிமைகளைப் பற்றிப் பேசிவந்த இராசலிங்கம், "ஐயோ அம்மா!" என்று ஒரு பாய்ச்சலில் வேலிக்கு அந்தப் பக்கம் போய், அங்கிருந்து ஆலோசனை வழங்கத் தொடங்கினார். இரண்டாவது சாக்கை மர்சூக் கிட்டப் போய், குனிந்து, நரியின் தலைமேல் போட்டார். நரி உறுமிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஒரு கவட்டைக் கம்பால் சாக்கின் ஓரத்தை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பிஸ்மி சொல்லிட்டு வெட்டு," என்றார்.

கம்பி தடிப்பானது. றாபியா இரண்டு கையாலும் குறட்டை அமுக்கினாள். வழுக்கியது. மறுபடி அமுக்கினாள். சாக்குக்குள் நரியின் மூச்சு வேகமாக ஏறி இறங்குவது தெரிந்தது. மூன்றாம் முறை 'டக்' என்று அறுந்தது. இருவரும் பின்னால் விழுந்து எழுந்து ஓடினார்கள்.

நரி சாக்கை உதறிவிட்டு எழுந்து நின்றது. அடிபட்ட காலைத் தூக்கி நக்கியது. காலிலிருந்து கழன்ற கம்பி மண்ணில் கிடந்தது. அது இவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று காலில் நொண்டிக்கொண்டு மதகுக்குள் போனது.

"போயிருச்சு," என்றார் மர்சூக்.

றாபியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். இராசலிங்கத்தின் மனைவி சுசீலாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் கணவரைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அறுந்த கம்பியைத் துடைத்துப் பார்த்தார் மர்சூக். முச்சக்கரவண்டியின் கிளச் கேபிள்.

மறுநாள் ஞாயிறு, உபகுழுவின் முன்னேற்றத்தைப் பார்ப்பதற்கான கூட்டம். ஹாஜியார், நடவடிக்கை எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, விபரம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். றாபியா எழுந்தாள்.

"தலைவருக்கு ஒரு நன்றித் தீர்மானம் கொண்டுவரணும்."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "சொல்லுங்க தங்கச்சி."

"நாங்க எல்லாரும் அவங்கவங்கட வயித்தப் பாத்துக்கிட்டு இரிக்கிறம். ஹாஜியார் அப்படியில்ல. கடையப் பூட்டினதும், மழ எண்டாலும் வெயில் எண்டாலும், தோட்டத்துல இரிக்கிற வாயில்லா ஜீவனுக்கெல்லாம் ரெண்டு பேக் சாப்பாடு அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போற. நரி, கபரகொய்யா, காகம் எல்லாம் அதாலதான் நல்லா இரிக்கி. குட்டி மூணும் கொழுகொழுன்டு இரிக்கி. இப்பிடியான ஸதகாவ, தருமத்த, வெளிய சொல்லாம இத்தன மாசம் செஞ்சீக்காங்களே, அது பெரிய மனசு."

அவள் பையிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து மேசையில் விரித்தாள். நன்றாகக் கழுவிக் காயவைத்திருந்தாள். கடையின் பேரும் தொலைபேசி இலக்கமும் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரிந்தன. அதன்மேல் கிளச் கேபிளை வைத்தாள்.

"சாப்பிட வாற நரிய நிக்க வெச்சுப் பேசிறதுக்கு இதையும் கட்டீந்தாங்க."

பின்வரிசையில் இருந்தவர்கள் மேசையைப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

"அந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியிறன்," என்றார் இராசலிங்கம். முந்தின நாளின் பாய்ச்சலுக்கு ஈடுகட்டும் ஒரு குரலில் சொன்னார்.

"அது... அது கடைப் பொடியன் செஞ்சீப்பான்," என்றார் ஹாஜியார். "எனக்குத் தெரியாது."

"தெரியாட்டிப் பரவால்ல," என்று மர்சூக் எழுந்தார். அவர் கூட்டங்களில் எழுந்தது அதுவே முதல்முறை. "சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம் எழுதினாப் போதும். நான் எழுதி வெச்சீக்கேன். பிரதி நாலு. அனுப்பவா, வாணாமா எண்டு சங்கம் சொல்லட்டும்."

பின்வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு முன்னால் வந்தது. அன்றே கடைக் கழிவை பிரதேச சபையின் குப்பை ட்ராக்டருக்குக் கொடுப்பதாகவும், தோட்டத்துக் குவியலை ஆள் வைத்துப் புதைப்பதாகவும், சுருக்குகள் எல்லாவற்றையும் கழற்றுவதாகவும் ஹாஜியார் ஒத்துக்கொண்டார். நன்றித் தீர்மானத்தைச் செயலாளர் ஒரு எழுத்து விடாமல் புத்தகத்தில் எழுதினார்.

வெளியே வரும்போது ஹாஜியார் றாபியாவின் பக்கத்தில் வந்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க கிட்டத்துல பாத்தீங்கதானே. மண்டையில ஏதும்... மேடா ஒன்டு தெரிஞ்சிச்சா?"

"இல்ல ஹாஜியார். சாக்குப் போட்டீந்திச்சு."

அவர் பெருமூச்சு விட்டார்.

தீன் நின்ற முதல் பத்து நாள் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. நரி தினமும் வளவுக்கு வந்தது. காலையில் கூட்டைச் சுற்றிப் பார்த்தால், நாலு பக்கமும் தோண்டிய அடையாளம், எல்லா இடத்திலும் வலையில் வந்து நின்றிருந்தது. ஒரு நாள் கொளுக்கியில் பல் பட்ட கீறல். றாபியா ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்ததும் முதலில் கோழிகளை எண்ணினாள். ஆனால் பத்துக் கோழியும் பத்தாகவே இருந்தன. நொண்டிய அடி மண்ணில் தெரியும்போது மட்டும், அதுவும் உயிரோடுதான் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கோழிகள் பக்கமும் திரும்பவில்லை.

பிறகு அடிகள் குறைந்தன. ஒரு மாதத்தில் ஒன்றும் இல்லை. குட்டிகளோடு மேலே இரத்தோட்டைப் பக்கத்து மலைக்குப் போயிருக்கும் என்றார் இராசலிங்கம், எங்கோ வாசித்துவிட்டு.

வருட முடிவில் சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. மர்சூக் அதைச் சத்தமாக வாசித்தார்: "தலைவர் ஜவாஹிர் ஹாஜியார் அவர்களின் அயராத முயற்சியால் எமது பகுதியில் நரித் தொல்லை முற்றாக ஒழிக்கப்பட்டது." கீழே அவருடைய படமும் இருந்தது.

மர்சூக்குக்கு இரத்தம் கொதித்தது. பேனையையும் தாளையும் எடுத்தார். "இதுக்கு ஒரு திருத்தம் எழுதத்தான் வேணும். பொய்ய அச்சடிச்சீக்காங்க."

"எழுத வாணாம்," என்றாள் றாபியா.

"ஏன்? செஞ்சது நீ. பேரு அவருக்கா?"

"அவருக்கே இரிக்கட்டும். நரிய ஒழிச்ச மனிசன் எண்டு ஊர் முழுக்கப் பேர் வாங்கீட்டு, இனி அந்தத் தோட்டத்துக்குள்ள ஒரு பேக்கப் போடுவாரா? பேரக் காப்பாத்தவாவது துப்புரவா இரிப்பாரு."

மர்சூக் யோசித்தார். பேனையை மூடினார். றாபியா அறிக்கையை விரித்து, அதில் அன்றைய முட்டைகளைச் சுற்றிச் சுசீலாதேவிக்குக் கொடுத்துவிட்டு வரப் போனாள்.